சேவைக் கட்டணம்: ஒரு சொல்லாராய்ச்சி

காவியத்துக்கும் நாவலுக்கும் மட்டுமே விமர்சனம் எழுதவேண்டும் என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை. நம் ஜனங்கள் அடிக்கடி கையில் வாங்கி, கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும் ஒரு சிறு காகிதம் இருக்கிறது. அதுதான் ஹோட்டல் பில். அதில் உண்ட பண்டங்களின் பெயர் இருக்கும், விலை இருக்கும், அரசாங்க வரி இருக்கும். இவற்றுக்கு நடுவே 'சேவைக் கட்டணம், நூற்றுக்குப் பத்து' என்றொரு வரியும் இருக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடுத்தர உணவகம் முதல் நட்சத்திர ஹோட்டல் வரையில் பல இடங்களில் இதைக் காணலாம். அந்த ஒரு வரியே இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட நூல். அதை எழுதியவர் யார், அது யாருடைய பெயரால் பேசுகிறது, சொல்லுவது மெய்யா பொய்யா என்று சற்றே ஆராய்வோம்.

சிங்கப்பூரில் 100 வெள்ளிக்கு உண்டவர், 10 வெள்ளி சேவைக் கட்டணமும், 2024-ம் வருஷ ஆரம்பம் முதல் நூற்றுக்கு ஒன்பதாக உயர்ந்த பொருள் சேவை வரியும் சேர்த்து, 119 வெள்ளி 90 காசு கொடுத்துவிட்டு எழுகிறார். வரியானது சேவைக் கட்டணத்தின் மீதும் ஏறி உட்கார்ந்திருப்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டற்குறிகள் போட்டிருப்பார்கள். முதற்குறி ஊழியர் பெயரால் வாங்குவது. இரண்டாங்குறி அரசாங்கத்தின் பெயரால் வாங்குவது. இரண்டாங்குறிக்குரிய பணம் அரசாங்கத்தைச் சேர்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் உண்டு, படிவங்கள் உண்டு, தவறினால் அபராதமும் உண்டு. முதற்குறிக்குரிய பணம் ஊழியரைச் சேரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமோ அங்கு இல்லை. முதலாளி அதைப் பகிர்ந்தும் கொடுக்கலாம். கல்லாவிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இரண்டு நிலையிலும் பில்லில் அச்சாவது ஒரே சொல். ஒரு சொல் இரண்டு நேர்மாறான செயல்களுக்குப் பொருந்துமானால், அச்சொல்லின் நேர்மையைப் பற்றிக் கேள்வி கேட்பது விமர்சகன் கடமையாகின்றது.

'சேவை' என்ற சொல்லுக்கு வருமுன், அது எந்தச் சொற்களை விலக்கிவிட்டு இந்த ஆசனத்தில் அமர்ந்தது என்று பார்க்கவேண்டும். உணவு பரிமாறியவனுக்கு மேல்வரும்படியாகக் கொடுக்கும் காசை நாம் முன்பு இனாம் என்றோம்; அது அரபு மொழியிலிருந்து வந்து நம்மிடம் குடியேறிய சொல். பக்ஷீஸ் என்றோம், அது பாரசீகம். பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் அக்காசுக்குக் 'குடிப்பதற்குப் பணம்' என்றே பெயர் வைத்திருக்கின்றனர். ஆங்கிலத்தில் டிப் என்பதை, சுறுசுறுப்பாக வேலை செய்விப்பதற்கான மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று படித்தவர்களும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது வெறுங் கட்டுக்கதை. முதலெழுத்துகளைக் கூட்டிச் சொல் செய்யும் வழக்கம் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே, கள்வர் குழூஉக்குறியில் 'கொடு' என்னும் பொருளில் வழங்கிய சொல் அது.

இத்தனை மொழிகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இச்சொற்கள் யாவும் கொடுப்பவன் வாயிலிருந்து பிறந்தவை. அவன் மனமுவந்தான், அவன் இரங்கினான், அவன் குடிக்கக் காசு எறிந்தான் என்பதே அவற்றின் பொருள். வாங்குபவன் பன்னிரண்டு மணி நேரம் நின்றான், அவன் கை சுட்டது, அவன் கால் வீங்கியது என்பதைச் சொல்லும் சொல் இவற்றுள் ஒன்றும் இல்லை.

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற்குறளில், இல்லாதவர்க்குக் கொடுப்பதை மட்டுமே ஈகையென்று வரையறுத்து, ஏனைய கொடைகளை எல்லாம் அளவு குறித்து வாங்கித் திருப்பித் தரும் கடனோடு சேர்த்துவிடுகிறார். அந்த அளவுகோலை இங்கே வைப்போம். நாம் வாங்கிய உழைப்புக்கு ஈடாகத் தரும் பணம் ஈகையாகாது, கடன் தீர்த்தலாகும். அதை இனாம் என்று சொல்லி ஒருவனைத் தலைகுனிந்து வாங்கச் செய்வது, அவனுக்குச் சேரவேண்டியதை அவனுக்கே பிச்சையாக இடுவதற்கு ஒப்பாகும்.

அவ்வகையில் பார்த்தால், நூற்றுக்குப் பத்து என்று பில்லிலேயே எழுதி வாங்கும் முறை ஒரு முன்னேற்றமே. உண்பவன் மனநிலையையும், பரிமாறுபவன் முகக்களையையும், நிறத்தையும், பேச்சையும் நம்பியிருந்த ஒன்று, எல்லாருக்கும் ஒரே விகிதமாயிற்று. இனாம் என்ற பெயர் போயிற்று. கட்டணம் என்ற பெயர் வந்தது. இவ்வளவும் நன்மையே. ஆனால் இனாம் நேரே கைக்கு வந்தது. கட்டணமோ கல்லாவுக்குப் போகிறது. கல்லாவுக்கும் கைக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு? சங்கதி அங்கேதான் இருக்கிறது.

இத்தூரத்தை இலக்கியத்தில் அளந்தவர் மிகச் சிலர். அவர்களுள் ஜார்ஜ் ஆர்வெல் ஒருவர். வங்காள மாகாணத்திலிருந்த மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் போலீஸ் உத்தியோகம் பார்த்து, அதை உதறிவிட்டுப் பாரிஸ் நகரத்து ஹோட்டலொன்றில் பாத்திரங் கழுவியவர் அவர். அவ்வனுபவத்தை 1933-ம் ஆண்டில் 'பாரிஸிலும் லண்டனிலும் இல்லாமையும் அலைச்சலும்' என்று பெயர்சொல்லத்தக்க நூலாக வெளியிட்டார். அந்நூலில் நாம் மறக்க முடியாதது ஒரு கதவு. கதவுக்கு இப்பக்கம் அழுக்கும் புழுக்கமும் வசவும் நிறைந்த வேலைக்கூடம். அப்பக்கம் வெள்ளை விரிப்பும் மலர்க்கொத்தும் உள்ள போஜனசாலை. பரிமாறுவோன் அக்கதவைத் தாண்டும்போது அவன் முகமும் தோளும் நடையும் ஒரு கணத்தில் மாறிவிடுவதை ஆர்வெல் காட்டும் இடம், நாடக மேடைக்கே உரியது.

தொழிலாளருக்குள் இருக்கும் படிகளையும் அவர் கூர்ந்து கண்டார். சமையற்காரன் தன்னைக் கைவினைஞனாக மதிக்கிறான். தொழிலின் பெருமையே அவனை ஓட்டுகிறது. பரிமாறுவோன் செல்வரின் பக்கத்திலேயே நிற்பதால், தானும் ஒருநாள் அம்மேஜையில் அமரப்போவதாகக் கனவு காண்கிறான். பாத்திரங் கழுவுவோனுக்கு இரண்டும் இல்லை, அவன் அடிமை. இப்படி ஆர்வெல் ஒவ்வொருவர் மனத்தையும் திறந்து காட்டுகிறார். ஆயினும் இவ்விடத்தில் நமக்கு அவரோடு ஒரு வழக்கு உண்டு. பரிமாறுவோனின் அடிமைப் புத்தியை அவன் குணமாகவே அவர் பெரிதும் எழுதிச் செல்கிறார். அது குணமன்று, கணக்கு. ஒருவன் வருமானம் முதலாளி தரும் கூலியில் இல்லாமல் எதிரே உண்பவனின் பையில் இருக்குமானால், அவன் கண் எப்பக்கம் திரும்பும்? தன்னோடு உழைக்கும் பாத்திரங் கழுவுவோனைத் தோழனாக எண்ணுவானா, அல்லது கதவுக்கு அப்பால் இருக்கும் கோட்டுப் போட்டவனைத் தெய்வமாக எண்ணுவானா? தட்டில் விழும் காசைப் பொதுவில் சேர்த்துக் கதவுக்கு இருபுறமும் பங்கிட்டிருந்தால், அந்தப் பாரிஸ் ஹோட்டலின் மனோதத்துவமே வேறாயிருக்கும் என்பது நம் துணிபு. ஆர்வெலின் கண் மிகக் கூரியது. ஆனால் அது அன்று உண்டியல் பக்கம் போதுமான அளவு திரும்பவில்லை.

உண்டியல் என்றது அலங்காரத்துக்காக அன்று. ஐரோப்பிய ஹோட்டல்களில் பொதுவாகச் சேர்க்கும் டிப் பணத்துக்கு 'டிரோங்க்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் அது மரத்தின் அடிப்பகுதியைக் குறித்து, பிறகு மாதாகோயிலில் ஏழைகளுக்காகக் காசு போடும் பெட்டியைக் குறித்தது. அங்கும் பாருங்கள், பிச்சைப் பெட்டியே!

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலக்கியவாதிகள் தொடாது விட்ட இவ்விஷயத்தை, மலேசியாவில் ஒரு தீர்ப்பு தொட்டிருக்கிறது. தீர்ப்பும் உரைநடைதானே? நல்ல உரைநடை எங்கே இருந்தாலும் இப்பகுதியில் மதிப்புரைக்கு உரியதே.

வழக்கின் வரலாறு சுருக்கமாக இது. மலேசியாவில் 2011-ம் வருஷத்துத் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்தின்படி, குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதல் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்டாகவும், சபா சரவாக்கில் 800 ரிங்கிட்டாகவும் விதிக்கப்பட்டு, 2013-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஹோட்டல் ஊழியர் பலருக்கு அடிப்படைச் சம்பளம் அற்பமாகவும், சேவைக் கட்டணப் பங்கே வாழ்வின் ஆதாரமாகவும் இருந்து வந்தது. சட்டம் வந்ததும் முதலாளிமார் சிலர் ஒரு தந்திரம் கண்டனர். 'அடிப்படைச் சம்பளத்தை நம் பணத்திலிருந்து ஏன் உயர்த்த வேண்டும்? வாடிக்கையாளர் கொடுக்கும் சேவைக் கட்டணத்தையே எடுத்து, 900 ஆகும் வரையில் அதில் நிரப்பிவிடுவோம்' என்பதே அது. அதாவது, ஒருவனுடைய வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுவிட்டு, 'உனக்குச் சம்பளம் உயர்த்தினேன், மகிழ்ச்சிதானே?' என்று கேட்பது!

பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஒரு ஹோட்டலுக்கும், தீபகற்ப மலேசிய ஹோட்டல், மதுக்கூட, உணவக ஊழியர் தேசியச் சங்கத்துக்கும் இது வழக்காகி, தொழில் நீதிமன்றத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2021-ம் வருஷத்தில் நாட்டின் மேலான கூட்டரசு நீதிமன்றத்தில் முடிவுற்றது. தொழிலாளர் பக்கமே தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். சேவைக் கட்டணம் மூன்றாம் மனிதராகிய வாடிக்கையாளர் ஊழியருக்கென்று தருவது. முதலாளியின் கையில் அது தங்கும்போது அவர் அதற்கு உடைமையாளரல்லர், ஊழியருக்காக வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளரே. சட்டம் கோரும் குறைந்தபட்சச் சம்பளம் அடிப்படைச் சம்பளமாதலால், அதை முதலாளி தம் சொந்தப் பணத்திலிருந்தே தரவேண்டும். இதுவே தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பின் சிறப்பு, ஒரு கேள்வியை அது இடம்மாற்றி வைத்ததில் இருக்கிறது. 'இப்பணத்தை யார் எண்ணுகிறார், யார் வைத்திருக்கிறார்' என்பது முதலாளியின் கேள்வி. 'யார், யாருக்காகக் கொடுத்தார்' என்பது நீதிபதியின் கேள்வி. பில்லிலுள்ள அந்த ஒரு வரியை, கொடுத்தவன் எப்பொருளில் படித்தானோ அப்பொருளிலேயே நீதிமன்றமும் படித்தது. சொல்லுக்கு எழுதியவன் கருதிய பொருள் பெரிதா, படித்தவன் கொண்ட பொருள் பெரிதா என்று நம் புலவர்கள் ஓயாது வாதிடுகின்றனர். இங்கே படித்தவன் வென்றான். அவன் வென்றதால் பல ஊழியர்களின் அடுப்பு எரிந்தது.

இதன் அருமை, இங்கிலாந்தில் இதே கேள்விக்கு முன்பு கிடைத்த விடையை ஒப்பிட்டால் விளங்கும். லண்டன் உணவகமொன்றில் பரிமாறிய நெர்வா என்பவரும் அவர் தோழர்களும், காசோலையாலும் கடனட்டையாலும் வந்த டிப் பணத்தைத் தம் குறைந்தபட்சக் கூலிக்குள் முதலாளி அடக்கிக்கொண்டதை எதிர்த்து, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரையில் போயினர். 2002-ம் வருஷத்தில் அவர்கள் தோற்றனர். ரொக்கமாகத் தட்டில் விழுந்தது ஊழியனுடையது. அட்டையில் வந்தது முதலாளியின் கணக்கில் நுழைந்துவிட்டதால் முதலாளியுடையது என்றாயிற்று. கொடுத்தவன் மனம் ஒன்றே. கொடுத்த கருவி மட்டும் வேறு. கருவி மாறியதும் உடைமையும் மாறிவிட்டதாம்! டிப் பணத்தைக் கொண்டு குறைந்தபட்சக் கூலியை நிரப்பும் வழக்கத்தை 2009-ம் வருஷத்தில்தான் அந்நாடு சட்டத்தால் தடுத்தது. டிப் பணம் முழுதும் வெட்டின்றி ஊழியரைச் சேரவேண்டும், அதைப் பங்கிடும் முறை நியாயமாகவும் எழுத்திலும் இருக்கவேண்டும், கணக்கை மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும் என்ற சட்டம் 2023-ல் இயற்றப்பட்டு, 2024 அக்டோபர் முதல் தேதிதான் அமலுக்கு வந்தது. நம்மை நெடுங்காலம் ஆண்ட தேசத்துக்கு இவ்விஷயத்தில் நாம் பின்தங்கியிருக்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ளலாம்.

பணம் தொழிலாளருடையது என்று தீர்ந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. தொழிலாளருள் யாருக்கு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. முதலாளியை வைவது எளிது; இக்கேள்வி தொழிலாளரைத் தம் முகத்தையே கண்ணாடியில் பார்க்கச் சொல்லுவது. ஆதலின் இதைச் சங்க மேடைகளில் உரக்கக் கேட்பது அபூர்வம்.

மலேசிய ஹோட்டல்களில் புள்ளிமுறை என்றொன்று வழங்குகிறது. ஒவ்வொரு பதவிக்கும் இத்தனை புள்ளி என்று குறித்திருப்பர். மாதச் சேவைக் கட்டணத்தை மொத்தப் புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளியின் மதிப்பு வரும். உதாரணமாக, ஒரு ஹோட்டலில் ஒரு மாதம் 60,000 ரிங்கிட் சேர்ந்து, ஊழியர் புள்ளிகள் மொத்தம் 400 என்று வைத்துக்கொள்வோம். புள்ளி ஒன்றுக்கு 150 ரிங்கிட். ஆறு புள்ளி உள்ள மேற்பார்வையாளருக்கு 900. இரண்டு புள்ளி உள்ள பாத்திரங் கழுவுவோருக்கு 300. கணக்கில் பிழையில்லை. நியாயத்தில் பிழையில்லையா?

மேற்பதவிக்கு மேற்சம்பளம் ஏற்கெனவே உண்டு. அப்பதவியின் பொறுப்புக்கும் திறமைக்கும் முதலாளி அங்கே விலை கொடுத்துவிட்டார். அதே பதவிக்காகப் புள்ளியும் மும்மடங்கானால், ஒரே தகுதிக்கு இருமுறை விலை வாங்குவதாகும். வாடிக்கையாளர் கொடுத்த பத்து வெள்ளியில், 'இது மேற்பார்வையாளருக்கு மும்மடங்கு' என்று எழுதிக் கொடுக்கவில்லை. அவர் சுத்தமான தட்டில் உண்டார், அதற்கும் சேர்த்தே கொடுத்தார். எச்சில் ஒட்டிய தட்டு ஒன்று மேஜைக்கு வந்திருந்தால், பரிமாறியவரின் புன்னகை எவ்வளவு இனிதாயிருந்தென்ன?

பரிமாறுவோர் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை அலட்சியம் செய்யலாகாது. 'வாடிக்கையாளரின் கோபத்தை நேரே வாங்கிக்கொள்பவன் நான். அவனுடைய குழந்தை கொட்டிய குழம்பைத் துடைப்பவன் நான். என் திறமையால் வந்ததை உள்ளே இருப்பவனோடு பங்கிட்டால், நாளைக்கு ஏன் நான் சிரித்து நிற்கவேண்டும்?' என்பது அவ்வாதம். தட்டில் தனியே வைத்த ரொக்கத்தைப் பொறுத்தவரையில் இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. கட்டணத்துக்கு அது செல்லாது. நூற்றுக்குப் பத்து என்பது சிரித்தவனுக்கும் சிரிக்காதவனுக்கும் ஒன்றே. சிரிப்புக்கு அங்கே விலை குறிக்கப்படவே இல்லை. ஆகவே, நம் கருத்தில், தொகையில் பெரும்பகுதியை உழைத்த மணி நேரத்தின்படி எல்லாருக்கும் சமமாகப் பகிர்ந்து, எஞ்சிய சிறு பகுதியை மட்டும் பதவி அல்லது பணிக்காலத்தின்படி கொடுப்பதே பொருத்தம். பாதிப் பாதி என்றாலும் கேடில்லை. முன்சொன்ன உதாரணத்தில் 120 ஊழியர் உண்டென்றும் எல்லாரும் ஒரே அளவு நேரம் உழைத்தார்கள் என்றும் கொண்டால், பாதித் தொகையாகிய 30,000 தலைக்கு 250 ஆகும். மறு பாதியில் புள்ளிக்கு 75 வரும். மேற்பார்வையாளருக்கு 700, பாத்திரங் கழுவுவோருக்கு 400. மேலே இருப்பவர் இழந்தது 200. ஆயினும் அவர் இன்னும் மேலேதான் இருக்கிறார். கீழே இருப்பவருக்கு ஏறியது 100; அது அவர் வீட்டில் பல நாள் அரிசி.

முதலாளிகளின் வாதம் ஒன்று: உடைந்த பீங்கானுக்கும் கணக்கெழுதும் செலவுக்கும் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது. பீங்கான் உடைவது வியாபாரச் செலவு. மேஜை தேய்வதைப் போன்றது. இதற்கு மேல் இவ்வாதத்துக்கு இடம் கொடுக்க நாம் விரும்பவில்லை.

இவற்றைவிடக் கடினமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. இன்று பல ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்வோரும் பாத்திரங் கழுவுவோரும் ஹோட்டலின் ஊழியரே அல்லர். வெளி ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்கள். அவர்களுள் பலர் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து தோட்டத்தில் நின்ற அதே நிலையில், இவர்கள் விமானமேறி வந்து தண்ணீர்த் தொட்டியருகே நிற்கிறார்கள். ஹோட்டலின் ஊழியர் பட்டியலில் பெயரில்லாதவருக்குப் புள்ளி எங்கிருந்து வரும்? தீர்ப்பு ஊழியரைப் பற்றிப் பேசுகிறது. கூட்டு ஒப்பந்தம் அதன் வரம்புக்குள் வருவோரைப் பற்றிப் பேசுகிறது. பில்லோ 'சேவை' என்று மட்டும் பேசுகிறது. இம்மூன்றிலும் அகலமான சொல் பில்லில் உள்ளதுதான். படுக்கை விரித்தவன் செய்தது சேவையில்லையென்று எந்த அகராதி கூறும்? பில்லில் அகலமான சொல்லைப் போட்டுப் பணம் வாங்கிவிட்டு, பங்கிடும்போது குறுகிய சொல்லைப் போட்டுக் கதவடைப்பது எவ்வகை இலக்கணம்? இவ்விஷயத்தில் சங்கங்களும் வாயடைத்திருத்தல் தகாது. நாளைக்கு நிரந்தர ஊழியரின் இடத்தையும் ஒப்பந்த ஆளைக்கொண்டு நிரப்பினால் புள்ளிகள் குறையும், பணம் கல்லாவிலே தங்கும் என்பதை முதலாளிமார் நன்கறிவர்.

ஆகையால் அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டுமென்கிறோம். 'சேவைக் கட்டணம்' என்பதற்குப் பதில் 'ஊழியர் பங்கு, நூற்றுக்குப் பத்து' என்று அச்சிடட்டும். சென்ற மாதம் எவ்வளவு சேர்ந்தது, எத்தனை பேருக்கு, புள்ளி என்ன மதிப்பு என்னும் மூன்று எண்களைச் சமையற்கட்டுச் சுவரிலே, பாத்திரங் கழுவுவோர் கண்ணிலும் படும்படி, அவர் படிக்கக்கூடிய மொழியில் ஒட்டட்டும். அச்சுக்கூலி சில காசுக்கு மேல் ஆகாது. பணத்தை ஊழியருக்குக் கொடுக்காத முதலாளி அச்சொல்லைப் போடக் கூசுவார். அவர் உணவின் விலையிலேயே அதைச் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும், அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அப்போது அவருடைய தோசைக்கு என்ன விலையென்று ஜனங்கள் நேராகத் தெரிந்துகொள்வார்கள்.